மீட்டர் காட்டியதும் குழாய் காட்டியதும்

கேள்வி: காரைக்குடியில் உள்ள என் கணவரின் பூர்விக வீட்டுக்கு ஆறு மாதம் முன்பு குடிவந்தோம். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் பின்கட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். மாநகராட்சித் தண்ணீரைத் தரைத் தொட்டியில் பிடித்துப் புழங்குகிறோம். சென்ற வாரம் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் ஒருவர் வந்து, பேனா போன்ற மீட்டரைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்தார். 780 என்று காட்டியது. பிறகு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் சாக்கடை போல் ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரில் அதே கம்பிகளை விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் குலை நடுங்கிவிட்டது. நான்கு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பால்பவுடர் கரைக்கிறேன். மாமியாரோ, "மூன்று தலைமுறையாகக் குடிக்காத தண்ணீரா?" என்கிறார். அடுத்த மாதம் மாமனாருக்கு வயது நிறைவுச் சாந்தி. பங்காளிகள், தாயபிள்ளைகள் என்று இருநூறு பேர் வருவார்கள். அதற்குள் ஆள் இறக்கிக் கிணற்றைத் தூர் வாரவும் நினைத்திருக்கிறோம். எந்தக் கருவி வாங்கலாம்?

பின்குறிப்பு: மோட்டார் ஓடும்போது குளியலறைக் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. பழைய வீடு, சுவர் ஈரமாக இருக்கும் என்கிறார்கள். இதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் உண்டா?

– வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புள்ள ஆச்சி,

உங்கள் பின்குறிப்பிலிருந்து தொடங்குகிறேன். இதை வாசிக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், எழுந்து போய் அணைத்துவிட்டு வாருங்கள். சரிபார்க்கும்வரை போட வேண்டாம். கிணற்றில்தான் ராட்டினம் இருக்குமே, இரண்டு நாள் வாளியால் இறைத்துக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மின்சாரம் என் துறை அல்ல. ஆனால் மாதிரி எடுக்கப் போன வீடுகளில் நானே குழாயைத் தொட்டு உதறியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது ஈரம்." ஈரம் மின்சாரத்தைக் கடத்துமே தவிர, பிறப்பிக்காது. உங்கள் மோட்டாரின் சுருளிலோ, கிணற்றுக்குள் இறங்கும் வயரின் இணைப்பிலோ காப்பு பழுதாகி, மின்சாரம் தண்ணீருக்கும் இரும்புக் குழாய்க்கும் கசிகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். உலர்ந்த காலோடு, உலர்ந்த விரல் நுனியால் தொடுகிறவருக்கு அது சுர்ரென்பதோடு நின்றுவிடும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் தரையில் நிற்பவர் குழாயை முழுக் கையால் பிடித்தால், அதே கசிவு உயிரைக் கொண்டுபோய்விடும்.

"ஃபியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது" என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். அவை வயர் சூடேறி எரியாமல் காப்பவை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவைத் தாண்டினால்தான் விழும். மனிதனின் இதயத்தைத் தடுமாறச் செய்ய ஒரு ஆம்பியரில் நூற்றில் சில பங்கே போதும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற கசிவுத் துண்டிப்பான். ஈ.எல்.சி.பி. என்ற பழைய பெயரில் கேட்டாலும் கடைக்காரருக்குப் புரியும். 30 மில்லி ஆம்பியர் என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 என்றும் கிடைக்கும். அவை ஆளுக்கானவை அல்ல.

பழைய வீடுகளில் இதைப் பொருத்தியதும் சும்மா சும்மா விழும். பல அறைகளின் நியூட்ரல் வயர்களை எப்போதோ ஒன்றாக முறுக்கிவைத்திருப்பார்கள், அல்லது எங்கோ உண்மையிலேயே கசிவு இருக்கும். "உங்கள் வீட்டுக்கு இது சரிப்படாது" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போகிற எலெக்ட்ரீசியனுக்குக் கூலி கொடுக்காதீர்கள். அது விழுகிறதென்றால் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். எந்த அறையை இணைத்தால் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறவரைத் தேடுங்கள்.

அப்படியே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியே மின்சாரம் பாய்ந்த பிறகுதான் துண்டிக்கும். எர்த் சரியாக இருந்தால் பழுது ஏற்பட்ட கணத்திலேயே துண்டித்துவிடும். நம் பக்கத்துச் செம்புறை மண் சித்திரை வெயிலில் ஓடுபோல் காய்ந்துவிடுகிறது. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்கு அப்போது நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயையே எர்த்தாக இணைத்திருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். வீட்டில் எந்தக் கருவி கசிந்தாலும் அது குளியலறைக் குழாய்க்கு வந்து சேர அதுவே வழி.

இனி அந்தக் கம்பி வித்தைக்கு வருகிறேன்.

அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் இரும்பு கரைந்து துருவாகித் தண்ணீரில் மிதக்கும். நீங்கள் பார்த்த சாக்கடை நிறம் அந்தக் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் கிணற்றிலிருந்து அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் மின்சாரம் பாயாது, கம்பியும் கரையாது. அவர் மறுபடி வந்தால், அவருடைய சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சாக்கடையாகும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1953இல் திறக்கப்பட்ட ஊர் இது. அந்த ஊரிலேயே இந்த வித்தை விலைபோகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

780 என்ற எண் பொய்யில்லை. ஆனால் அது சொல்வது மிகக் குறைவு. தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை அந்த மீட்டர் கணக்கிடுகிறது. என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருக்கிறதா என்பது சுத்தமாகத் தெரியாது. இளநீரில் வைத்துப் பாருங்கள், சில ஆயிரம் காட்டும். அதற்காக யாரும் இளநீரைக் கொட்டிவிடுவதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐ.எஸ். 10500) மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். ஆக, உங்கள் 780 நடுவில் நிற்கிறது. பருப்பு வேகத் தாமதமாகலாம், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் தட்டலாம். ஆர்.ஓ. கருவியை எல்லா வீட்டிலும் மாட்டுவதால் வீணாகும் தண்ணீரைப் பார்த்துத்தான், 500க்குக் கீழே உப்பு உள்ள இடங்களில் அதைத் தடை செய்யச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டது. நீங்கள் 500க்கு மேலே இருப்பதால் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். அதற்காக உடனே வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை.

மாமியார் சொல்வது பாதி சரி. காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு உப்பையும் துவர்ப்பையும் மீட்டரைவிட நன்றாகவே பிடிக்கும். ஆனால் நைட்ரேட்டுக்கு ருசி கிடையாது, மணமும் கிடையாது. மலக் கிருமிக்கும் அப்படித்தான். மூன்று தலைமுறையில் கிணறு மாறவில்லை, கிணற்றைச் சுற்றியுள்ளவை மாறிவிட்டன. நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் கொல்லைக் கதவு வைத்துக் கட்டியவை. கிணறு பின்கட்டில் இருக்கும். பிற்காலத்தில் கக்கூஸ் கட்டியபோது அதையும் வீட்டுக்குள் வேண்டாமென்று பின்கட்டுக்கே தள்ளினார்கள். அதன் கழிவுத் தொட்டியும் உறிஞ்சு குழியும் கிணற்றுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டன. உங்கள் கிணற்றிலிருந்து 60 அடிக்குள் உங்கள் தொட்டி இருக்கிறதா என்று நாடா பிடித்து அளந்து பாருங்கள். அடுத்த வீட்டுத் தொட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும், மதில்சுவர் பூமிக்குள் தடுக்காது. செம்புறைக் கல் துளை நிறைந்தது. அதன் வழியே தண்ணீர் சுலபமாக ஊறிவந்துவிடும்.

குழந்தையின் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. கழிவுநீர் ஊறிவரும் கிணற்றில் நைட்ரேட் ஏறும். அது லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இதில் 'வேறு வழியில்லாவிட்டால்' என்ற சலுகை வரம்பே கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நைட்ரேட் மிகுந்த தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். அப்படிக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நீங்கள் தண்ணீரைக் கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். நைட்ரேட்டை ஒன்றும் செய்யாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆகவே பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மாநகராட்சித் தண்ணீரைத் தொட்டியிலிருந்து எடுக்காமல் நேரே குழாயில் பிடித்து, கொதிக்கவைத்து, ரொம்ப ஆறவிடாமல் அரை மணி நேரத்துக்குள் பவுடரைக் கரையுங்கள். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. கரைத்த பிறகு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தத் தொல்லையே இல்லை. முடிந்தால் அதைக் கூட்டிக்கொள்ள மருத்துவரிடம் யோசனை கேளுங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. ரசாயனப் பரிசோதனைக்கு இரண்டு லிட்டர் பிடிக்கிற புது பிளாஸ்டிக் பாட்டில் போதும். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். நான் வேலையில் இருந்தபோது ஊறுகாய் பாட்டிலிலும் நல்லெண்ணெய் பாட்டிலிலும் கொண்டுவந்து தருவார்கள். மேலே எண்ணெய் மிதக்கும். "தண்ணீரில் ஏதோ பளபளக்கிறதே, என்னவென்று பாருங்கள்" என்பார்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கூடத்திலிருந்தே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிவர வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தை விரலால் தொடக் கூடாது. ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, மலக் கிருமியான ஈ. கோலை என்று எழுதிக் கேளுங்கள். "எல்லாம் பாருங்கள்" என்றால் எது விடுபட்டது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

நைட்ரேட் 45ஐயோ ஃபுளோரைடு 1.5ஐயோ தாண்டியிருந்தால் ஆர்.ஓ. வாங்குங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் போதும். அது தள்ளுகிற கழிவு நீரைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் ஆர்.ஓ. வீண்செலவு. கொதிக்கவைப்பதும் குளோரினும் போதும்.

தூர் வாருவதைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் மூச்சு நின்றது. கசிகிற மோட்டார் கிடக்கும் அதே தண்ணீரில் ஓர் ஆளை இடுப்பளவு இறக்கி நிறுத்தப் போகிறீர்கள், ஆச்சி. இறங்குமுன் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அதை ஒருவர் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ பழக்கதோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டால் கீழே இருப்பவர் என்ன செய்வார்? தண்ணீரை இறைப்பதெல்லாம் ஆள் இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. நீண்ட நாள் யாரும் இறங்காத கிணற்றின் அடியில் கரியமில வாயு தேங்கி நிற்கும், பிராணவாயு குறைந்திருக்கும். சேற்றைக் கிளறினால் வேறு வாயுக்களும் கிளம்பும். மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டி இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பது பெரியவர்கள் வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது உறுதி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பது உறுதியில்லை. விஷவாயு சிறிதளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், எரியும் வாயு இருந்தால் விளக்கே வினையாகிவிடும். வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசிக் காற்றைக் கலக்குவார்கள். அதைவிட நல்லது, ஒரு மணி நேரம் புளோயர் வைத்து அடிவரை புதுக்காற்று செலுத்துவது. வாயு அளக்கும் கருவி கொண்டுவருகிற ஆட்களாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. இறங்குகிறவர் இடுப்பிலும் தோளிலும் கயிற்றுப் பட்டை இருக்க வேண்டும், மேலே அவரை இழுக்க வலுவுள்ள இருவர் இருக்க வேண்டும். பெட்ரோல், டீசல் இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அதன் புகையே எமன். கீழே இருப்பவர் மயங்கினால், தூக்கக் குதிக்கிறவர் இரண்டாவது பிணமாவார். கயிற்றால் இழுங்கள், தீயணைப்புத் துறைக்கு 101இல் பேசுங்கள், யாரும் இறங்கக் கூடாது. கழிவுத் தொட்டிக்குள் ஆள் இறக்கும் பேச்சே வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சு லாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

தூர் வாரி முடித்து நீர் ஊறியதும் குளோரின் போட வேண்டும். உங்கள் கிணறு இரண்டு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கினால் 4. அதை 3.14ஆல் பெருக்கி 4ஆல் வகுத்து, ஆழமான 3ஆல் பெருக்கினால் 9.42 கன மீட்டர், ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 25 கிராம் ஆகிறது. அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, வாளியை மேலும் கீழும் பலமாக ஆட்ட வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் இறைப்பது உத்தமம். தூர் வாரிய பிறகு முதல் தடவை மட்டும் இதைப் போலப் பல மடங்கு போட்டு, ஓர் இரவு விட்டு, அந்தத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிடுங்கள். பிறகுதான் இந்த அளவு. பவுடர் புதிதாக, நெடி குறையாமல் இருக்க வேண்டும். திறந்த மூட்டையில் மாதக் கணக்காகக் கிடந்தது சுண்ணாம்புக்குச் சமம். அதோடு எந்த ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள், நெஞ்சைப் பிடிக்கும் குளோரின் வாயு கிளம்பும். விருந்துக்கு வீடு கழுவும் மும்முரத்தில் இது நடக்கிற காரியம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால் ஆசிட் அதன் நிறத்தையும் தின்றுவிடும்.

தரைத் தொட்டியைப் பற்றி இரண்டே வார்த்தை. மாநகராட்சிக் குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறீர்களா? அப்படியானால் நிறுத்துங்கள். சாக்கடையோரம் போகும் குழாயில் எங்கேனும் விரிசல் இருந்தால், உங்கள் மோட்டார் இழுக்கிற இழுப்பில் சாக்கடையும் உள்ளே வரும், உங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே வரும். தொட்டியின் மூடிக்குப் பூட்டு போடுங்கள். சாந்தி வீட்டில் ஓடியாடும் பிள்ளைகளை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். கிணற்றுக்கும் இரும்புக் கம்பி வலை மூடி வேண்டும்.

சாந்திச் சமையலுக்கு, முடிவு கைக்கு வராவிட்டால், மாநகராட்சித் தண்ணீரை லாரியில் வாங்கிக்கொள்ளுங்கள். வளவில், அதாவது உள்முற்றத்தில், வரிசையாக வைக்கிற பித்தளை அண்டாக்களுக்கு ஈயம் பூசக் கொடுத்தால், காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு வாங்குங்கள். மொண்டு குடிக்கச் செம்பைக் கைப்பிடியோடு தொங்கவிடுங்கள். இருநூறு கைகள் அண்டாவுக்குள் போனால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண்.

கருவிக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், பரிசோதனைத் தாள் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். தாள் வந்ததும் நைட்ரேட் வரியை முதலில் பார்த்துவிட்டு, நகலை எனக்கு அனுப்புங்கள். எலெக்ட்ரீசியன் என்ன கண்டுபிடித்தார் என்பதையும் எழுதுங்கள், இந்தத் தடவை பின்குறிப்பில் அல்லாமல்.